ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? இங்கே யார் எதை முடிவு செய்கிறார்கள்?

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்கு வந்து இறங்குபவர்கள் முதல் மாதம் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரிதான். எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல், இட்லி அரிசி எங்கே கிடைக்கும், லைசென்ஸ் எடுக்க என்னென்ன காகிதம் வேண்டும். இதற்கெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். அக்டோபர் நெருங்கும்போது சொந்தக் காருக்கு வரி கட்டச் சொல்லி ஒரு பில் வருமே, அப்போதுதான் முழிப்போம். இதை யார் போட்டது, யாரிடம் கேட்பது, கேட்டால் மாறுமா? அந்தக் குழப்பத்துக்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நீங்கள் எந்த நிர்வாகத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சல் முகவரியை நம்பாதீர்கள். முகவரியில் அலெக்ஸாண்ட்ரியா என்றோ ஃபால்ஸ் சர்ச் என்றோ இருக்கும்; வீடு இருப்பதோ கவுண்டியில். வர்ஜீனியாவில் சிட்டி என்றால் கவுண்டிக்குள் அடங்காத தனி நிர்வாகம். ஃபேர்ஃபாக்ஸ் சிட்டியே ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் சேர்த்தி இல்லை; அதற்குத் தனி மேயர், தனி வரி. வியன்னா, ஹெர்ண்டன், கிளிஃப்டன் மூன்றும் டவுன்கள்: கவுண்டிக்குள்ளேயும் இருக்கும், சொந்தக் கவுன்சிலும் இருக்கும். ரெஸ்டன், சென்டர்வில், ஷான்டிலி, டைசன்ஸ் எல்லாம் வெறும் ஊர்ப் பெயர்கள். அங்கே மேயர் கிடையாது, எல்லாம் நேராகக் கவுண்டிதான். கவுண்டி இணையதளத்தில் உங்கள் வீட்டு முகவரியைப் போட்டால் எந்த டிஸ்ட்ரிக்ட், யார் உங்கள் சூப்பர்வைசர் என்று காட்டிவிடும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கவுண்டி என்றதும் நம் ஊர் மாவட்டமும் கலெக்டரும் மனதில் வரும். இங்கே அப்படி இல்லை. முடிவெடுப்பது 'போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ்' என்ற, மக்கள் தேர்ந்தெடுத்த பத்துப் பேர் குழு. ஒன்பது டிஸ்ட்ரிக்டுக்கு ஒன்பது பேர், மொத்தக் கவுண்டியும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் சேர்மன் ஒருவர். நான்கு ஆண்டுப் பதவி. மொத்தக் குழுவுக்கும் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2023 நவம்பரில். அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் கவுண்டி எக்ஸிகியூட்டிவ், இந்தக் குழு நியமிக்கும் அதிகாரி. பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கும் இடத்துக்குப் பத்துப் பேர் என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் டிஸ்ட்ரிக்டிலேயே ஓர் அலுவலகம் உண்டு, போன் செய்தால் எடுத்துப் பேசுவார்கள்.

இந்தக் குழு நினைத்ததையெல்லாம் செய்துவிடவும் முடியாது. வர்ஜீனியாவில் 'டில்லன் விதி' என்று ஒன்று பின்பற்றப்படுகிறது: மாநிலச் சட்டமன்றம் கொடுத்த அதிகாரம் மட்டுமே கவுண்டிக்கு உண்டு. கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 5 சென்ட் வாங்குகிறார்களே, அதற்குக்கூட முதலில் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் சட்டம் வந்து, பிறகு 2021 செப்டம்பரில் கவுண்டி 'ஆர்டினன்ஸ்' எனும் உள்ளூர்ச் சட்டம் போட்டு, 2022 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. காய்கறியைப் போட்டு எடுக்கும் மெல்லிய பைக்கு இந்த வரி இல்லை, கவலை வேண்டாம்.

சாலையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. தெருவில் குழி விழுந்தாலும், பனி அள்ள வண்டி வரவில்லை என்றாலும் கவுண்டியைத் திட்டிப் பயனில்லை. இங்கே பொதுச் சாலைகளைப் பராமரிப்பது விடாட் எனப்படும் மாநிலப் போக்குவரத்துத் துறை. டவுன்ஹவுஸ் வளாகத்துக்குள் இருக்கும் தனியார் சாலை என்றால் எச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம். ஆக, புகார் கொடுக்கும் முன் அது யாருடைய சாலை என்று கேட்டுக்கொள்வது பாதி வேலையை முடித்த மாதிரி.

இனி, பணம். கார் வரிக்கு 'பர்சனல் பிராபர்ட்டி டாக்ஸ்' என்று பெயர். வாடகை வீட்டில் இருந்தாலும், விசாவில் இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். காரின் மதிப்பில் 100 டாலருக்கு 4.57 டாலர் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் விகிதம். 20,000 டாலர் கார் என்றால் 914 டாலர். அதிலிருந்து மாநில அரசின் சலுகை கொஞ்சம் கழியும். வழக்கமான கடைசித் தேதி அக்டோபர் 5. கார் வாங்கியதும், அல்லது காரோடு இங்கே குடிவந்ததும், 60 நாளுக்குள் கவுண்டியின் வரித் துறையில் பதிவு செய்ய வேண்டும். டெக்சாஸ் நம்பர் பிளேட்டோடு ஒரு வருடம் ஓட்டிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அதற்குத் தனியாகத் தண்டம் உண்டு.

வீடு வாங்கினால் சொத்து வரி. 2025 ஜூலையில் தொடங்கிய நிதியாண்டுக்கு 100 டாலருக்கு 1.1225 டாலர் என்று வைத்தார்கள். ஏழு லட்சம் டாலர் வீட்டுக்கு 7,857 டாலரும் சில்லறையும் வரும், சில சிறு வரிகள் தனி. பெரும்பாலும் வீட்டுக்கடன் நிறுவனமே ஜூலையிலும் டிசம்பரிலும் கட்டிவிடுவதால் நம் கண்ணில் படாமலே போய்விடும். பிப்ரவரியில் வீட்டின் மதிப்பு இவ்வளவு என்று ஒரு கடிதம் வரும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டால் அதிகம் என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த விகிதம் எப்படி முடிவாகிறது என்பதில்தான் நமக்கு இடம் இருக்கிறது. பிப்ரவரியில் கவுண்டி எக்ஸிகியூட்டிவ் பட்ஜெட் வரைவைக் கொடுப்பார். மார்ச்சில் குழு ஓர் உச்ச விகிதத்தை விளம்பரப்படுத்தும். அதற்குப் பிறகு அதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஏப்ரலில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள். மே மாதம் நிறைவேற்றுவார்கள், ஜூலை 1 முதல் அமல். புலம்புவதென்றால் ஏப்ரலிலேயே புலம்பிவிட வேண்டும். அக்டோபர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு புலம்புவது நமக்குள் பேசி ஆற்றிக்கொள்வதற்கு மட்டும்தான் ஆகும்.

2025 ஏப்ரல் கூட்டங்களின் சூடான விஷயம் சாப்பாட்டு வரி. அந்தக் கதை கொஞ்சம் நீளம், ஆனால் கவுண்டி எப்படி இயங்குகிறது என்று புரிய இதைவிட நல்ல உதாரணம் இல்லை. உணவக பில்லுக்கு வரி போடலாமா என்று 1992-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், வேண்டாம் என்றார்கள். 2016-இல் மறுபடி கேட்டார்கள், மறுபடியும் வேண்டாம். 2020-இல் மாநிலச் சட்டமன்றம், வாக்கெடுப்பு இல்லாமலே கவுண்டிகள் இந்த வரியைப் போடலாம் என்று சட்டத்தை மாற்றியது. 2025 மே மாதம் சூப்பர்வைசர்கள் 4 சதவீதம் போட்டார்கள். சொத்து வரியை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்பது ஆதரித்தவர்கள் வாதம்; இரண்டு முறை மக்கள் மறுத்ததை எங்கள் தலையில் கட்டுகிறீர்களே என்பது உணவகக்காரர்கள் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மக்களிடம் மூன்றாவது முறை கேட்காமல் செய்தது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

2026 ஜனவரி 1 முதல் இது அமலில் இருக்கிறது. நான்கு பேர் போய் தோசை, பரோட்டா, காபி என்று 60 டாலருக்குச் சாப்பிட்டால், 6 சதவீத விற்பனை வரி 3.60, சாப்பாட்டு வரி 2.40, ஆக 66 டாலர். டிப்ஸ் அதற்கு மேல். மளிகைச் சாமானுக்கு இந்த வரி இல்லை. ஆனால் அதே கடையில் சமைத்துச் சூடாக வைத்திருக்கும் உணவுக்கு உண்டு. வியன்னா, ஹெர்ண்டன், கிளிஃப்டன் டவுன்களுக்குள் கவுண்டியின் வரி செல்லாது. அவர்களுடைய சொந்த உணவு வரிதான்.

சரி, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் யார் பேசலாம்? யார் வேண்டுமானாலும். எச்-1பி, எச்-4, கிரீன் கார்டு, எதுவும் தடையில்லை. குடியுரிமை கேட்க மாட்டார்கள். கூட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில், கவுண்டியின் கவர்ன்மென்ட் சென்டர் கட்டடத்தில் நடக்கும். முன்கூட்டியே இணையத்தில் பெயர் கொடுத்துவிட்டு நேரிலோ போனிலோ பேசலாம், வீடியோ பதிவு செய்தும் அனுப்பலாம். தனி நபருக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடம் என்பது நாம் வணக்கமும் நன்றியும் சொல்வதற்குள் போய்விடும். அதனால் எழுதி வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வாருங்கள்: எங்கே குடியிருக்கிறேன், எந்த ஆர்டினன்ஸ், எனக்கு அதனால் என்ன ஆகிறது, என்ன மாற்ற வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, யாரும் சிரிக்க மாட்டார்கள். முதலில் கவுண்டியின் டிவி சேனலான சேனல் 16-இல் ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனால் பயம் போய்விடும்.

பேசலாமே தவிர, குடியுரிமை இல்லாதவர்கள் வாக்களிக்கக் கூடாது. வாக்காளராகப் பதிவு செய்யவும் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டிஎம்வி எனப்படும் மாநில வாகனத் துறையில் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்வியும் வரும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று அழுத்திவிட்டால், பிற்பாடு கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலைவலியாகத் திரும்பி வரும். அந்தக் கேள்வியை நிதானமாகப் படித்து, இல்லை என்று போடுங்கள்.

இந்தக் கூட்டங்கள் வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கொரோனா காலத்தில், 2021 மார்ச் 23 அன்று, கவுண்டியின் மொத்த நில உபயோகச் சட்டத்தையும் திருத்தி எழுதி ஆன்லைன் கூட்டத்தில் நிறைவேற்றினார்கள். குடியிருப்பாளர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2023 மார்ச் 23 அன்று, வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நெருக்கடிக்கால விதிவிலக்கை இதற்கெல்லாம் நீட்ட முடியாது, மக்கள் நேரில் வர வழியில்லாமல் நடத்திய கூட்டம் திறந்த கூட்டச் சட்டத்துக்கு விரோதம் என்பது காரணம். மே மாதம் கூட்டத்தை முறையாகக் கூட்டி மறுபடியும் நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

அந்த நில உபயோகச் சட்டம் நம் வீடுகளையும் நேராகத் தொடுகிறது. பேஸ்மென்டில் பரதநாட்டிய வகுப்போ பாட்டு வகுப்போ நடத்துவதென்றால் கவுண்டி அனுமதி வேண்டும், ஒரு நேரத்தில் எத்தனை மாணவர் வரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டே கேர் நடத்தினால், தனி வீட்டில் ஏழு குழந்தைகள், டவுன்ஹவுஸில் ஐந்து. அதற்கு மேல் சிறப்பு அனுமதி. நாட்டுக்கோழி வளர்க்க ஆசை என்றால் இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும், இல்லையென்றால் சிறப்பு அனுமதி. ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

புல் விஷயம் இன்னும் சாதாரணமானது, அதனாலேயே அடிக்கடி மாட்டுவது. அரை ஏக்கருக்குக் குறைவான வீட்டு மனையில் புல் 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஜூனில் ஸ்கூல் மூடியதும் ஆறு வாரம் ஊருக்குப் போய்விடுகிறோம். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் அந்த நாட்களில் புல் தாராளமாக முழங்காலைத் தொடும். இங்கே அதிகாரிகள் தெருத்தெருவாக வந்து அளப்பதில்லை, யாராவது புகார் கொடுத்தால்தான் வருவார்கள். எனவே கிளம்பும் முன் புல் வெட்ட ஆள் ஏற்பாடு செய்வதோடு, பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். எச்ஓஏ விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கும், அவை வேறு கணக்கு.

தீபாவளிக்கு: வெடிப்பதும் வானத்தில் பறப்பதும் சட்டவிரோதம். சரவெடி, ராக்கெட் இரண்டுமே இதில் அடங்கும். பக்கத்து மாநிலத்திலிருந்து வாங்கி வந்தேன் என்பது பதிலாகாது. இரவு பத்து மணிக்கு மேல், அடுத்த வீட்டில் ஜன்னலை மூடியும் கேட்கும் அளவுக்குப் பாட்டு வைப்பதும் தப்பு.

குப்பைக்குக் கவுண்டி வண்டி சில பகுதிகளுக்குத்தான் வரும். பெரும்பாலான வீடுகளுக்குத் தனியார் கம்பெனிதான். ஆனால் விதிகள் கவுண்டியுடையவை. 2019 அக்டோபர் முதல் கண்ணாடியை வீட்டு ரீசைக்கிளிங் தொட்டியில் போடக் கூடாது. ஊறுகாய் பாட்டிலை எண்ணெய் போகக் கழுவி, மூடியைக் கழற்றிவிட்டு, அங்கங்கே வைத்திருக்கும் ஊதா நிறப் பெரிய தொட்டியில் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

பள்ளிக்கு வேறு போர்டு, இதிலும் பலர் குழம்புவார்கள். ஸ்கூல் போர்டில் பன்னிரண்டு பேர், அவர்களும் மக்கள் தேர்ந்தெடுப்பவர்களே. பாடம், காலண்டர், ஸ்கூல் எல்லை எல்லாம் அவர்கள் கையில். வரி போடும் அதிகாரம் மட்டும் கிடையாது. பணம் சூப்பர்வைசர்கள் தர வேண்டும், கவுண்டி பொது நிதியில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது. தீபாவளிக்கு லீவு வேண்டும் என்று சமூக அமைப்புகள் போய் நின்றதும் இந்த ஸ்கூல் போர்டு முன்னால்தான். 2022-23 காலண்டரில் அது விடுமுறையாக வந்தது. அப்புறம், பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் 'சாக்' மையங்கள் பள்ளிக்கட்டடத்திலேயே இருந்தாலும் அவற்றை நடத்துவது கவுண்டி. கட்டணம் வருமானத்தைப் பொறுத்துக் குறையும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் ஸ்கூலில் சேர்க்கும் அன்றைக்கே இதற்கும் தனியாக விண்ணப்பித்துவிடுங்கள். ஸ்கூல் ஆபீசில் கேட்டால் அது எங்கள் வேலை இல்லை என்பார்கள், உண்மையிலேயே அவர்கள் வேலை இல்லை.

தமிழ்ச் சங்கப் பிக்னிக்குக்குப் பூங்காவில் இடம் பிடிக்க பார்க் அதாரிட்டி, கிரிக்கெட் மைதானத்துக்குக் கவுண்டியின் சமூகச் சேவைத் துறை, பொங்கல் விழாவுக்கு ஸ்கூல் அரங்கு வேண்டுமென்றால் ஸ்கூல் நிர்வாகம். மூன்றும் தனித்தனி விண்ணப்பம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்து அவர்கள் கவுண்டி அலுவலகத்தில் ஏதாவது பேச வேண்டியிருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். போனில் இணைத்துத் தருவார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.