பந்தாடிய உடம்போடு கோல்ஃபுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வியாசர்பாடியில் கால்பந்து ஆடி வளர்ந்தவன் நான். முப்பத்தெட்டு வயதில் முழங்கால் போதும் என்று சொன்னதும் கோல்ஃப் பக்கம் திரும்பினேன். சும்மா கிடக்கிற பந்தை அடிக்கத் தெரியாதா என்கிற மிதப்பு வேறு. முதல் நாள் பத்துப் பந்தில் நாலு, மட்டையில் படவே இல்லை.

அது சும்மா கிடப்பதுதான் வில்லங்கமே. ஓடுகிற பந்துக்கு உடம்பு தானாக முடிவெடுத்துவிடும். கோல்ஃபில் யோசிக்க நேரம் கிடைக்கிறது, யோசித்தே கெடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு அடியையும் பெனால்டி கிக்காக நினையுங்கள். பந்தை வைப்பது, எண்ணி நாலடி பின்னால் போவது, மூச்சை விடுவது என்று அதற்கு ஒரு பழக்கம் வைத்திருப்போமே! இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும். அது இல்லாமல் போய் நிற்பது முதல் தவறு.

அடுத்தது பலம். காசிமேட்டில் குத்துச்சண்டை பழகிய நண்பர் ஒருவர், மட்டையை நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்விப் பிடிப்பார். குத்து காலில் தொடங்கி, இடுப்பு, தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவரும் அவர்தான். கோல்ஃப் ஸ்விங்கிலும் வேகம் அதே வரிசையில்தான் மேலே ஏறுகிறது. பிடி இறுகினால் மணிக்கட்டு விறைத்துவிடும், மட்டை முனையின் வேகம் அங்கேயே செத்துப்போகும். பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதை அடிக்க எதற்கு அவ்வளவு ஆவேசம்?

வலது கைக்காரர்களுக்குப் பந்து வலப்பக்கமாக வளைந்து காட்டுக்குள் போகும். இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். உடனே எல்லோரும் இடப்பக்கம் இழுத்து அடிக்கிறார்கள், அது இன்னும் அதிகமாக வளைகிறது. வலது காலின் வெளிப்புறத்தால் உதைத்தால் பந்து வலப்பக்கம் சுழன்று போவதை நாம் பார்த்ததில்லையா? இதுவும் அதுதான். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகம் முடிவு செய்கிறது. மட்டை வீசப்படும் பாதைக்கு அந்த முகம் எவ்வளவு திறந்திருக்கிறதோ, அவ்வளவு வளைவு. பாதையை மேலும் இடப்பக்கம் திருப்பினால் இடைவெளி கூடத்தானே செய்யும்? முதலில் கைப்பிடியையும் மட்டை முகத்தையும் சரிபாருங்கள்.

இதையெல்லாம் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்பது விளையாட்டுக்காரர்களுக்கே உரிய ஆபத்து. நம் உடம்பு சீக்கிரம் கற்கும், தப்பையும் சீக்கிரமே கற்கும். ஆரம்பத்திலேயே ஒரு பயிற்சியாளரிடம் நாலைந்து வகுப்பு போய்விடுவது நல்லது. நான் ஆறு மாதம் தனியாக ஆடிவிட்டுப் போனேன். பழையதை மறக்க இன்னொரு ஆறு மாதம் ஆனது.

பெரிய செட் வாங்காதீர்கள். விதிப்படி 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், தொடக்கத்துக்கு ஏழாம் நம்பர் அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை), ஒரு வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் மட்டை), ஒரு பட்டர் (வெண்ணெய் அல்ல, பந்தை உருட்டும் மட்டை) போதும். பழையதாகக் கிடைத்தாலும் சரி. நம் வடசென்னைப் பக்கம் கோல்ஃப் மைதானம் கிடையாது. வண்ணாரப்பேட்டையில் ஏறினால் நீல வழித்தட மெட்ரோ நேராக நந்தனத்தில் இறக்கிவிடும், அங்கே மைதானம் பக்கம்தான். மூன்று மட்டையோடு போவது எளிது. இது பணக்காரர்கள் விளையாட்டு என்று கூசவும் வேண்டாம். 2009இல் இந்தியன் ஓப்பன் ஜெயித்த பெங்களூரு சி. முனியப்பா, கேடியாக மற்றவர்களின் பை சுமந்து வந்தவர்.

ஸ்கோரை மறைப்பதும் நம்மிடம் உண்டு. கோல்ஃபில் அடி குறைந்தால்தான் பெருமை, ஒரு காலத்தில் கோப்பை வாங்கியவன் 120 அடித்தேன் என்று எப்படிச் சொல்வது? ஆட்டக்காரரின் திறமைக்கு ஏற்ப அடிகளில் சலுகை தருவதுதான் ஹேண்டிகேப், உலக ஹேண்டிகேப் முறையில் அதன் உச்ச வரம்பே 54. புதிதாக வருகிறவர்களுக்கு அதில் இடம் போட்டே வைத்திருக்கிறார்கள். உள்ளதை எழுதுங்கள்.

அப்புறம் உடம்பு. ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி அடிப்பதால் இடுப்பும் முதுகும் வாங்கும். முழங்கையின் உட்பக்கம் வரும் வலிக்கு 'கோல்ஃபர்ஸ் எல்போ' என்றே பெயர். கால்பந்துக்கு முன்னால் வார்ம்-அப் செய்தவர்கள் இங்கே காரிலிருந்து இறங்கிய கையோடு மட்டையை எடுக்கிறார்கள்.

பயிற்சி நேரம் முழுக்க டிரைவரை (தூரமாக அடிக்கும் நீள மட்டை) சுழற்றுவதுதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது. பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழிகளையும் 72 அடியில் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்த மைதானத்தில், ஒரு குழிக்கு இரண்டு என்ற கணக்கில், 36 அடிகள் பட்டிங்குக்கே ஒதுக்கப்பட்டவை. வடசென்னைக்காரர்களுக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டும், கேரம் ஆடாத தெரு ஏது இங்கே? ஸ்ட்ரைக்கரைத் தட்டும்போது கோணத்தையும் வேகத்தையும் ஒன்றாகத்தானே கணக்குப் போடுகிறோம். குழியைச் சுற்றியிருக்கும் மழித்த புல்தரையான கிரீனிலும் அதே கணக்கு. மொட்டை மாடியில் ஒரு பழைய பாயை விரித்து, சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து அதற்குள் பந்தை உருட்டிப் பாருங்கள். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், டம்ளர் வாய் அதைவிடச் சின்னது. ஆனால் மாடியில் உருட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்ஜைத் தூக்கினால் பந்து பக்கத்து வீட்டு ஜன்னலில்தான் இறங்கும். எங்கள் தெருவில் இறங்கியிருக்கிறது.