இருபடிச் சார்பின் வெட்டுத்துண்டுகள்: எங்கே தவறு நடக்கிறது?

ஒய் = 2எக்ஸ்² − 10எக்ஸ் + 12 என்று வைத்துக்கொள்வோம். இதன் வளைவு எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறது, அதாவது எக்ஸ் வெட்டுத்துண்டுகள் எவை என்று பார்க்க ஒய்க்குப் பூஜ்ஜியம் போடுகிறோம், எல்லாவற்றையும் 2ஆல் வகுத்து எக்ஸ்² − 5எக்ஸ் + 6 = 0 என்று எழுதுகிறோம், காரணிப்படுத்தினால் 2, 3 கிடைக்கிறது. இதுவரை சரி. அப்புறம் ஒய் அச்சை வெட்டும் இடம் எது என்று கேட்டால், கண் கடைசியாக எழுதிய வரியிலேயே நிற்பதால் பலர் 6 என்று எழுதிவிடுகிறார்கள். விடை 12.

நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். ஒரு பக்கம் பூஜ்ஜியம் இருக்கும்போது 2ஆல் வகுத்தால் மூலங்கள் (ஒய் பூஜ்ஜியமாகும் எக்ஸ் மதிப்புகள்) மாறாது. ஆனால் சார்பையே வகுத்தால் அது வேறொரு பரவளையம் (இருபடிச் சார்பின் வளைவு): எக்ஸ் அச்சை அதே இரண்டு இடங்களில்தான் வெட்டும், உயரமெல்லாம் பாதியாகிவிடும். அதனால் ஒய் வெட்டுத்துண்டை முதலிலேயே, கேள்வியில் கொடுத்த வரியில் எக்ஸுக்குப் பூஜ்ஜியம் போட்டு எழுதிவிடுங்கள்.

ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் மாதிரி வந்தால் எக்ஸை அடித்துவிட்டு 4 மட்டும் எழுதாதீர்கள். அடித்த அந்த எக்ஸோடு ஆதிப்புள்ளியும் போய்விடுகிறது. எக்ஸைப் பொதுவாக வெளியே எடுங்கள், 0, 4 இரண்டும் வரும்.

(எக்ஸ் + 2)(எக்ஸ் − 3) என்றால் மூலங்கள் −2, 3. குறி மாறியதா என்று பிரதியிட்டுப் பாருங்கள், பத்து வினாடி வேலை.

ஒய் = (எக்ஸ் − 3)² − 4 என்ற வடிவத்தில் −4ஐ ஒய் வெட்டுத்துண்டு என்று நினைப்பவர்கள் நிறைய. அது பரவளையத்தின் அடிமட்டம், எக்ஸ் 3ஆக இருக்கும்போது வருவது. எக்ஸுக்குப் பூஜ்ஜியம் போட்டால் 9 − 4, அதாவது 5. எக்ஸ் அச்சுக்கு வர்க்கமூலம் எடுக்கும்போது ± போட மறந்தால் 5 மட்டும் கிடைக்கும், 1 விட்டுப்போகும். 3இலிருந்து இரண்டு பக்கமும் சம தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே பிடித்துவிடலாம்.

எக்ஸ்² + 2எக்ஸ் + 5க்குத் தன்மைக்காட்டி (மூலங்கள் உண்டா என்று காட்டும் பி² − 4ஏசி) 4 − 20 = −16. குறையெண் வந்ததும் பயந்துபோய்க் குறியை மாற்றி எப்படியாவது ஒரு விடை எழுதுகிறார்கள், வேண்டாம். இந்த வளைவு மிகத் தாழ்வான இடத்திலேயே 4 உயரத்தில் நிற்கிறது, எக்ஸ் அச்சை அது தொடவே தொடாது. ஒய் அச்சை மட்டும் 5இல் வெட்டும்.

கடைசியாக, விடையைப் புள்ளியாக எழுதுங்கள். முதல் கணக்கில் (2, 0), (3, 0), (0, 12). இதை (0, 2) என்று திருப்பி எழுதினால் வரைபடத்தாளில் புள்ளி வேறு அச்சில் போய் உட்கார்ந்துவிடும்.