‘வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல’ என்றால் பேனாவை மூடாதீர்கள்

மகப்பேறு வார்டில் நர்ஸாக இருபது வருடம் ஆகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் விவரம் கேட்டு எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, நான் அந்த வயதில் செய்த தவறையே பார்க்கிறேன். பி.பி. பார்க்க மறப்பது, ஒற்றைத் தலைவலி பற்றிக் கேட்காமல் விடுவது எல்லாம் ஒருமுறை சொன்னால் சரியாகிவிடும். கருத்தடை மாத்திரை தொடங்குமுன், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்து கட்டியானதா என்று சரியாகக் கேட்காமல் விடுவது மட்டும் ஆவதில்லை.

‘ரத்தம் உறையும் நோய் உண்டா?’ என்று கேட்பது

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். கருத்தடை மாத்திரை தொடங்க வந்த 24 வயதுப் பெண்ணிடம் அப்படித்தான் கேட்டேன். இல்லை என்றாள். எழுதிக்கொண்டேன். ஏழாவது வாரம் இடது கால் தொடைவரை வீங்கி வந்தாள். ஸ்கேனில் காலின் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் (ஆழ்சிரை) ரத்தக்கட்டி.

கூட வந்த அம்மா சொன்னார்: “இவளுக்க அப்பாவுக்கும் கல்ஃப்ல இருந்து வந்தப்போ கால் இப்பிடித்தான் வீங்கிச்சு சிஸ்டர். ஆறு மாசம் ரத்தம் இளக்குற குளிகை தின்னாரு. அது கால்நீருல்லா?”

காலில் நீர் கோத்தது என்றுதான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள்; ரத்தக்கட்டி என்று அல்ல. நல்லவேளை, பிள்ளை பிழைத்தாள். அந்தச் சீட்டில் என் கையெழுத்தில் ‘குடும்பத்தில் இல்லை’ என்று இருந்தது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அவர்கள் பேசும் சொல்லில் கேளுங்கள். யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கியதா? ரத்தம் இளக என்று வயிற்றில் ஊசி போட்டார்களா? ரத்தம் இளக்கும் மாத்திரை உண்டா? பேறு கழிந்த சில நாளில் மூச்சு முட்டியோ, ஜன்னி என்று சொல்லியோ யாராவது இறந்தார்களா? அப்போது என்ன வயது? தகப்பன் வழியையும் கேளுங்கள். ரத்தம் எளிதில் உறையும் இந்தக் குறை இரு பக்கமிருந்தும் வரும். பெண்ணுக்குத் தெரியாவிட்டால், “மக்ளே, பாட்டிக்கு ஒரு போன் போடு” என்று சொல்லுங்கள்.

கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், ஈரலில் உருவாகும் உறைவுப் பொருட்களைக் கூட்டும்; உறைவைத் தடுக்கும் புரதம் எஸ்ஸைக் குறைக்கும். மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்குக் கட்டி வரும். எடுப்பவர்களில் 3 முதல் 9 பேருக்கு. பிரசவத்துக்குப் பிந்தைய 12 வாரங்களில் இந்த விகிதம் 40 முதல் 65 வரை ஏறும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிக்கும். பயமுறுத்தி அனுப்ப வேண்டாம். காப்பர் டி போல ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் இருக்கின்றன.

ரத்தப் பரிசோதனை ‘நார்மல்’ என்று நிம்மதியாவது

1994இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் ஃபாக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கும் இன்னும் சிலவற்றுக்கும்தான் பரிசோதனை உண்டு. அறிக்கை சுத்தமாக வந்தாலும் அப்பாவின் கால் வீங்கியது வீங்கியதுதான்.

கோயிலுக்குப் போடும் மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் விடுவது

மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்கு இருமுடி கட்டும் பெண்கள் பலர், மாதவிடாய் தள்ளிப்போக மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி., நாளுக்கு மூன்று. உடலுக்குள் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறும். ‘மாத்திரை எடுக்கிறாயா’ என்றால் இதைச் சொல்லமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கருத்தடை மாத்திரையை நிறுத்தி நிறுத்தித் தொடங்குவது

நாலு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டால், முதல் மாதங்களின் கூடுதல் ஆபத்து மறுபடி முதலிலிருந்து.

வீங்கிய காலைத் தைலம் போட்டு உருவுவது

கூடவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், விடாத புதுத் தலைவலி வந்தால், அன்றே ஆஸ்பத்திரி.