சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் முறை

சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குச் சென்று குவிந்த குப்பையில் கணிசமான பகுதி ஈரக்கழிவு என்பதால், குறைக்கும் வேலையைச் சமையலறையில்தான் தொடங்க வேண்டும். துளையிட்ட மண்தொட்டியின் அடியில் தென்னைநார்க் கழிவைப் பரப்பி, காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவற்றை நாள்தோறும் இட்டு, ஒவ்வொரு முறையும் காய்ந்த இலைகளால் மூடி, அவ்வப்போது சிறிது புளித்த மோர் தெளித்து வந்தால், தொட்டி நிறைந்த இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுள்ள உரம் கிடைக்கும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். காய்ந்த இலைகளைக் கூட்டிக் கிளறிவிடுங்கள். மீன், இறைச்சிக் கழிவுகளைச் சேர்க்காதீர்கள்.

பால் உறைகளைக் கழுவி உலர்த்திப் பழைய பொருள் கடையில் கொடுக்கலாம். உடைந்த கண்ணாடியையும் சானிட்டரி நாப்கினையும் தனித்தனியே தாளில் பொதிந்து அடையாளமிட்டே கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தரம்பிரிப்பைக் கட்டாயமாக்கின என்பதைவிட, இக்கழிவுகளைக் கையால் எடுக்கும் தூய்மைப் பணியாளரின் பாதுகாப்பே இதற்கு முதன்மையான காரணம்.