‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்: முதியோர் இல்லக் கொடுமையில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

அம்மாவையோ அப்பாவையோ முதியோர் இல்லத்தில் சேர்த்த பிள்ளைகளுக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும். நல்ல இடத்தில்தான் சேர்த்திருக்கிறோம் என்று நம்பினால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும். அதனாலேயே, கையில் ரத்தக்கட்டைப் பார்த்தால் நர்ஸ் சொல்லும் முதல் காரணத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் எடுத்துச்சொல்லும் ஆய்வுகளில், இத்தகைய இல்லங்களில் வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பேர், கடந்த ஓராண்டில் முதியவர்களிடம் ஏதோ ஒரு வகையில் தவறாக நடந்துகொண்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

‘வயசானா அப்படித்தான்’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. முதியவர்களின் தோல் மெல்லியது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றிவிடும். ஆனால் தற்செயலாக வரும் ரத்தக்கட்டு பெரும்பாலும் கை கால்களில்தான் இருக்கும். கழுத்து, காது, முதுகு, மேல்கையின் உட்புறம், தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் இருந்தாலோ, இரண்டு மணிக்கட்டிலும் ஒரே மாதிரி தடம் இருந்தாலோ விடாதீர்கள். நிறத்தை வைத்து ‘இது பழைய காயம், இங்கே வரும் முன்பே இருந்தது’ என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். ரத்தக்கட்டின் நிறத்தைக் கொண்டு அது எந்த நாளில் ஏற்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கொடுமை என்றால் அடி உதை மட்டும்தான் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. கவனிக்காமல் போட்டுவைப்பதும் கொடுமைதான். அதன் அடையாளம் பலருக்கும் முதலில் தெரிவது படுக்கைப்புண்ணில். அதுவும் போர்வைக்கு அடியில் இருப்பதால், பார்க்க வருபவர் கண்ணில் படாது. போர்வையை விலக்கி குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் பாருங்கள். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பாகவோ, கருத்த தோலில் சுற்றியுள்ள இடத்தைவிட அடர்ந்த நிறமாகவோ தெரியும். நான்காம் நிலையில் தசையும் எலும்பும் தெரியுமளவுக்குக் குழிந்துவிடும். மிகவும் நலிந்தவர்களுக்கு நல்ல கவனிப்பையும் மீறிப் புண் வரலாம் என்பது உண்மை. அதனால் புண் வந்தது ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். முதலில் எப்போது கவனித்தீர்கள், டாக்டரிடம் எப்போது சொன்னீர்கள், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள். படுக்கையில் புரட்டிப் படுக்கவைக்கும் நேரத்தைக் குறிக்கும் அட்டவணையையும் கேட்டுப் பாருங்கள். இரவு முழுவதும் இரண்டு மணிக்கொரு முறை, ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரு நிமிடம்கூடப் பிசகாத நேரங்கள் என்றிருந்தால், அது மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியதாக இருக்கலாம்.

எடையையும் கேளுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைவது, அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆவது, மருத்துவர்கள் கவலைப்படும் அளவு. தண்ணீர் டம்ளர் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எப்போது போனாலும் அரைத்தூக்கத்தில் இருக்கிறார் என்றால் மருந்துப் பட்டியலை வாங்குங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்குச் சில வகை மனநோய் மருந்துகள் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. வேலையைச் சுலபமாக்க ஒருவரை மயக்கத்தில் வைத்திருப்பது சிகிச்சை ஆகாது.

‘அம்மாவுக்கு மறதி, ஏதோ உளறுகிறார்’ என்று தள்ளிவிடுவது மனதை வலிக்கச் செய்யும் தவறு. மறதி இருப்பவருக்கும் பயம் தெரியும். குறிப்பிட்ட ஓர் ஊழியர் அறைக்குள் வந்தால் உடல் சுருங்குகிறதா என்று பாருங்கள். தனியாக இருக்கும்போது பேசுங்கள். ‘அவர் அடித்தாரா?’ என்று நாமே பதிலை எடுத்துக்கொடுக்காமல், ‘இது எப்படி ஆச்சும்மா?’ என்று கேட்டு, சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். அப்புறம், எப்போதும் ஒரே கிழமை ஒரே நேரத்தில் போகாதீர்கள்.

சந்தேகம் வலுத்ததும் மேலாளர் அறைக்குப் போய்ச் சத்தம் போடத் தோன்றும். நியாயமான கோபம்தான், ஆனால் வரிசை முக்கியம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் முதலில் ஆம்புலன்ஸ், போலீஸ். இல்லையென்றாலும் வெளி டாக்டரிடம் காட்டி, உங்கள் சந்தேகத்தைச் சொல்லுங்கள். அவருடைய பதிவில் அது ஏறட்டும். திடீர்க் குழப்பம் சிறுநீர்த் தொற்றாலோ நீர்ச்சத்துக் குறைவாலோகூட வரும் என்பதால், எப்படிப் பார்த்தாலும் டாக்டர் தேவை. பாலியல் அத்துமீறல் என்று சந்தேகித்தால் குளிப்பாட்டவோ துணியைத் துவைக்கவோ விடாதீர்கள். காயத்தைப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, தேதி தெரியும்படி படமெடுங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி அன்றே எழுத்தில் கேளுங்கள். பல கருவிகளில் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். மருத்துவக் குறிப்புகளின் நகலையும் எழுத்திலேயே கேளுங்கள். ரகசியக் கேமரா வைப்பது சில இடங்களில் சட்டவிரோதம், அதனால் வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள். சமூக வலைத்தளத்தில் பெயர் போட்டு எழுதுவதும் வேண்டாம். அதுவே உங்கள் மேல் அவதூறு வழக்காகத் திரும்பலாம்.

‘புகார் கொடுத்துவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று காத்திருந்து பல குடும்பங்கள் வழக்கையே இழக்கின்றன. போலீஸ் பார்ப்பது குற்றத்தை. உரிமம் கொடுத்த துறை பார்ப்பது இல்லம் விதிப்படி நடக்கிறதா என்பதை. இழப்பீடு கேட்பது சிவில் வழக்கு. பொதுவாக ஒன்று நடக்கிறது என்பதற்காக இன்னொன்றின் காலவரம்பு நிற்காது. அந்த வரம்பு நாட்டுக்கு நாடு, வழக்குக்கு வழக்கு மாறும். எனவே ஆதாரம் முழுதாகச் சேரட்டும் என்று இருக்காமல், சந்தேகம் வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். முதியவர் இறந்துவிட்டாலும் பல நாடுகளில் குடும்பம் வழக்குத் தொடரலாம். மரணத்தில் சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். இறுதிச் சடங்கு முடிந்தபின் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும்.

கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று இல்லம் நீட்டும் தாளில் கையெழுத்திடாதீர்கள். சேர்க்கும்போது போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும். அது செல்லுமா என்று வக்கீல்தான் சொல்ல முடியும்.

வக்கீலைத் தேடும்போது, சொத்துத் தகராறில் உதவிய குடும்ப வக்கீலிடமே போய்விடுவது வழக்கம். மருத்துவ அலட்சியமோ முதியோர் வழக்கோ நடத்தியவரா என்று கேளுங்கள். கட்டணம் எப்படி என்பதையும் முதல் நாளே பேசுங்கள். ஜெயித்தால் மட்டும் பங்கு என்ற முறை சில நாடுகளில் உண்டு, சிலவற்றில் அதற்கு அனுமதியே இல்லை. வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவியைக் கேட்கலாம். இன்னொன்று: பிள்ளை என்பதாலேயே வழக்குத் தொடரும் அதிகாரம் வந்துவிடாது. பெற்றவர் தெளிவாக இருந்தால் வழக்கு அவருடையது. வக்கீல் அவரோடு தனியாகப் பேச வேண்டும், அங்கேயே இருப்பதா வேறு இடம் போவதா, வழக்கு வேண்டுமா என்பதையெல்லாம் அவர் வாயால் கேட்க வேண்டும். நினைவு தப்பியவர் என்றால், அவர் சார்பில் செயல்படச் சட்டம் யாரை ஏற்கும் என்பதே அந்த முதல் சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.