மோடமா, ரவுட்டரா? மாற்றி நினைத்தால் காசுக்குத்தான் நட்டம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மூலையில் மினுங்கும் இன்டர்நெட் பெட்டியை ஒரு வீட்டில் மோடம் என்பார்கள், அடுத்த வீட்டில் ரவுட்டர் என்பார்கள். பேச்சில் எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை. வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும் இரண்டையும் குழப்பக் கூடாது.

மொடியுலேட்டர், டீமொடியுலேட்டர் என்ற இரு சொற்களைச் சுருக்கி ஒட்டிய பெயர்தான் மோடம். கணினியின் 1, 0 இரண்டையும் அலையாக மாற்றி அனுப்புவது முதல் வேலை. வரும் அலையைத் திரும்ப 1, 0 ஆக்குவது இரண்டாவது. 1962இல் அமெரிக்காவில் வந்த பெல் 103 மோடம் டெலிபோன் லைனிலேயே இதைச் செய்தது. அழைக்கும் பக்கத்து மோடம் 1ஐ 1270 ஹேர்ட்ஸ் ஒலியாகவும் 0ஐ 1070 ஹேர்ட்ஸ் ஒலியாகவும் அனுப்பும். வேகம் நொடிக்கு 300 பிட். இன்றைய 4ஜி பெட்டியில் ஒலிக்குப் பதில் ரேடியோ அலை, அவ்வளவுதான்.

ரவுட்டரின் வேலை, வந்து சேர்ந்ததை வீட்டிலுள்ள போன்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. வைஃபை அதோடு சேர்ந்தது. சிம் போடும் பெட்டிக்குள் இரண்டுமே இருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

இது தெரியாமல், "நல்ல ரவுட்டர் ஒன்று தாங்க" என்று கேட்டு வாங்கி வந்து, வீட்டில் பிரித்த பிறகு சிம் போட இடம் தேடுகிறவர்கள் உண்டு. வெறும் ரவுட்டரில் அது இருக்காது. கடையிலேயே பெட்டியைத் திருப்பி, சிம் துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நம் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று. போனில் வைஃபை கோடுகள் முழுதாக இருக்கும், பிள்ளையின் சூம் வகுப்பு மட்டும் நின்று நின்று வரும். உடனே பெரிய டேட்டா பேக்கேஜுக்கு மாறுவார்கள். அந்தக் கோடுகள் காட்டுவது போனுக்கும் பெட்டிக்கும் இடையிலான தொடர்பை மட்டும்தான். டவரிலிருந்து பெட்டிக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் பெட்டியிலுள்ள சிக்னல் விளக்குகளில்தான் பார்க்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் தகரக் கூரை, டவரிலிருந்து வரும் அலையைத் தடுக்கும். இடையில் ஒரு மலை இருந்தால் சொல்லவே வேண்டாம். பெட்டியை அலமாரி மேலிருந்து எடுத்து, டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். பேக்கேஜ் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

டெலிபோன் லைனில் ஓடும் மோடம் வைத்திருப்பவர்கள் ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைக்குக் கவனமாக இருக்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மின்னல் தாக்கம் டெலிபோன் வயர் வழியாகவும் வரும். மேகம் கறுக்கும்போதே கரண்ட் பிளக், லைன் வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் வயர்களில் கை வைக்காதீர்கள்.