கடற்காற்றில் ஓடும் பி.எம்.எக்ஸ்: பின் ஹப்பைக் கழற்றிக் கிறீஸ் போடும் முறை

கொழும்பு வெள்ளவத்தை மரைன் டிரைவில் மாலையில் பி.எம்.எக்ஸ், அதாவது வித்தை காட்ட ஓடும் சிறிய சில்லுச் சைக்கிள், ஓடிவிட்டு வந்து ஹேண்டிலைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். ரயில் பாதையைத் தாண்டி வருகிற கடற்காற்றின் உப்பு அது. வெளியில் படிந்ததைத் துடைத்துவிடுகிறோம். பின் சில்லின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் போனதை யாரும் பார்ப்பதில்லை. மே மாதம் மழை தொடங்கிவிட்டால் உப்போடு தண்ணீரும் மணலும் சேர்ந்துகொள்ளும்.

எனக்கு இந்த வேலையில் அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை ஒரு கடையில் ஹப்பைச் சேர்விஸ் செய்யக் கொடுத்தேன். பெயரிங்குக்குப் போடும் தடித்த கிறீஸையே உள்ளே எல்லா இடத்திலும் அள்ளி அப்பிவிட்டார்கள். சத்தமே இல்லாமல் வழவழவென்று ஓடியதால் நல்ல வேலை என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலிமுகத்திடல் பக்கம் எழுந்து நின்று உழக்கினேன். பெடல் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றியது. கால் வழுக்கி, பெடலின் முள் கணைக்காலைக் கிழித்தது. பிறகு ஹப்பைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது.

ஹப்புக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. சில்லு சுழலப் பெயரிங் வேண்டும். அதற்குத் தடித்த கிறீஸ் நல்லது. இன்னொன்று, செயின் இழுக்கும் சிறிய பல்சக்கரம். டிரைவர் என்று சொல்வார்கள். அதன் உடம்பில் 3 அல்லது 4 சிறு இரும்பு நாக்குகள் ஸ்பிரிங்கில் எழும்பி நிற்கும். உழக்கும்போது அவை ஹப்பின் உட்சுவரில் இருக்கும் பற்களைக் கவ்வும். உழக்காமல் விட்டால் பற்களின்மேல் துள்ளித் துள்ளிப் போகும், அதுதான் நாம் கேட்கும் ‘டிக் டிக்’. இந்த நாக்குகளுக்குத் தடித்த கிறீஸ் எதிரி. ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கால் தூக்க முடியாது, பற்களைக் கவ்வாது. பெயரிங்குக்குத் தடிப்பு, நாக்குக்கு மெல்லியது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் பொறுமை மட்டும்தான்.

சரி, முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பின்னால் உள்ள பல்சக்கரத்தில் 9 பற்கள் அளவில் இருந்தால் பெரும்பாலும் கசெட் ஹப். கீழே சொல்லும் முறை அதற்குத்தான். பல்சக்கரம் கொஞ்சம் பெரிதாக, 16 பற்கள் அளவில், ஹப்பில் திருகிப் பூட்டியதாக இருந்தால் அது ஃப்ரீவீல். அதைத் திறக்கவே வேண்டாம். சில்லைக் கழற்றிப் படுக்க வைத்து, சுழலும் பகுதிக்கும் சுழலாத பகுதிக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் தையல் மெஷின் ஒயிலை நான்கைந்து சொட்டு விட்டுச் சுற்றினால் போதும். பின்னால் உருட்டினாலும் பெடல் அசையாமல், சத்தமும் இல்லாமல் ஓடினால் அது ஃப்ரீகோஸ்டர். அதன் உள்ளமைப்பு வேறு, தொடக்கத்தில் கை வைக்காதீர்கள்.

வேண்டிய சாமான்கள்: பின் அச்சு 14 மில்லிமீட்டர் என்றால் அதன் நட்டுக்குப் பெரும்பாலும் 17 மில்லிமீட்டர் சொக்கெட் பொருந்தும், பெக் (அச்சின் முனையில் பூட்டும், கால் வைக்கும் குழாய்) பூட்டியிருந்தால் நீளமான சொக்கெட் வேண்டும். அச்சில் ஹப்பை ஒட்டி இருக்கும் உள்நட்டுகளுக்கு இரண்டு ஸ்பனர். கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ், பழந்துணி, பெயரிங் கிறீஸ், தையல் மெஷின் ஒயில், அப்புறம் ஒரு முழம் தையல் நூல். நூல் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு பக்க நட்டையும் தளர்த்தி, செயினை இறக்கிச் சில்லை எடுங்கள். தரையில் பழைய பத்திரிகையை விரித்து, கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். வொஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதுகூட முக்கியம். போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், பூட்டும்போது நன்றி சொல்வீர்கள்.

ஹப்புக்கு ஹப் உள்நட்டின் அமைப்பு மாறும். பொதுவாக செயின் இல்லாத பக்கத்து உள்நட்டைக் கழற்றினால் அச்சு மறுபக்கமாக வெளியே வரும். வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் அடித்தால் அச்சின் புரி நசுங்கிப்போகும். பிறகு டிரைவரை செயின் இழுக்கும் திசைக்கு எதிராகச் சுற்றிக்கொண்டே வெளியே இழுங்கள். இங்கே கவனம்: நாக்கும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடக்கூடியவை. ஒரு தட்டத்துக்குள் வைத்துச் செய்யுங்கள். ஒரு ஸ்பிரிங் அலுமாரிக்குக் கீழே போனால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

டிரைவர், நாக்குகள், ஹப்பின் உட்பற்கள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேயுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், பல்கனி நல்லது. நாக்கின் நுனி கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டு தேய்ந்திருந்தால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் வழுக்கும், மாற்றத்தான் வேண்டும்.

பெயரிங்கை ஹப்பிலிருந்து பிடுங்க வேண்டாம். விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைப்பதுபோல் இருந்தால், ரப்பர் மூடியின் உள்விளிம்பில் பிளேட் நுனியை மெல்லக் கொடுத்து நெம்பிக் கழற்றி, மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் புதுக் கிறீஸ் போடுங்கள். உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். நிறைய அடைத்தால் சுழற்சி கனக்கும், மிச்சம் வெளியே பிதுங்கித் தூசியைப் பிடிக்கும். கழுவிய பிறகும் அரைத்தால் பெயரிங் முடிந்துவிட்டது. அதன் மேலேயே எண் இருக்கும். 6902 என்றால் உட்துளை 15, வெளிவட்டம் 28, தடிப்பு 7 மில்லிமீட்டர். பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன உதிரிப்பாகக் கடைகளில் அந்த எண்ணைச் சொல்லி, இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேளுங்கள்.

நாக்குகளுக்கு வருவோம். கிறீஸில் ஒரு சிட்டிகை எடுத்து, தையல் மெஷின் ஒயில் விட்டுத் தயிர்போல் இளகக் குழையுங்கள். அதை நாக்கு உட்காரும் குழியிலும் உட்பற்களிலும் மெல்லப் பூசுங்கள், பற்களின் வடிவம் மறையக்கூடாது. தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். வீட்டில் எதற்கும் அதைத்தான் எடுப்போம், கீச்சிடும் கதவுக்குக்கூட. ஆனால் நாள்போகப் பிசினாகி நாக்கை ஒட்டிவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயையும் இதற்குள் அடிக்காதீர்கள், அது பெயரிங்கில் இருக்கும் கிறீஸையும் கரைத்துக்கொண்டு போகும்.

இப்போது நூல். நாக்குகளை விரலால் அமுக்கி, அவற்றைச் சுற்றி நூலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரைவரை ஹப்புக்குள் நுழைத்து, நாக்குகள் விளிம்பைத் தாண்டியதும் நூலை உருவி எடுங்கள். பிறகு செயின் இழுக்கும் திசைக்கு எதிராகச் சுற்றிக்கொண்டே அமுக்கினால் உட்கார்ந்துவிடும். கையால் இரண்டு திசையிலும் சுற்றுங்கள். ஒரு திசையில் ‘டிக் டிக்’, மறு திசையில் உடனே பிடிக்க வேண்டும். ஒருமுறை தாமதித்துப் பிடித்தாலும் கழற்றி மீண்டும் பாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டதால்தான் பலருடைய கணைக்காலில் தழும்பு இருக்கிறது.

அச்சைப் போட்டு உள்நட்டை இறுக்குங்கள். ரிம்மைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது, சில்லைச் சுழற்றினால் இறுகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, கால் சுற்று கால் சுற்றாகத் திருகித்தான் அதைப் பிடிக்க முடியும். சில்லைச் சட்டகத்தில் பூட்டி, செயினை நடுவில் விரலால் தூக்கினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீட்டர் அசையும்படி வைத்து, இரு பக்க நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள். பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் வீட்டு ஒழுங்கைக்குள் உட்கார்ந்தபடியே கொஞ்சத் தூரம் ஓடுங்கள். பிறகு எழுந்து நின்று உழக்கலாம்.

கடற்கரைப் பக்கம் தினமும் ஓடுபவர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், வெள்ளத்துக்குள் இறக்கினால் அந்த வாரமே. அழுக்கு மண்ணெண்ணெயைக் கானுக்குள் ஊற்ற வேண்டாம். ஒரு போத்தலில் மூடி வைத்தால் இரண்டு நாளில் அழுக்கு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.